இரண்டு வருடமாக ஒரு செயலியைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறேன். கொடுத்துவிடவா, இன்னும் சரிசெய்யவா?

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி பக்கம்) | மே 14, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, அப்பா பார்த்துக்கொள்கிறார். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் வீட்டில் உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன்.

பச்சைத் தேயிலை போடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். ஏஜென்ட் இலையை எடை போட்டு ஒரு சீட்டுத் தருவார். ஈரத்துக்கு, முற்றின இலைக்கு என்று கொஞ்சம் கழிப்பார். விலை அன்றைக்குத் தெரியாது, மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். நடுவில் முன்பணம் வாங்கியிருப்போம், உரக் கடன் இருக்கும். கடைசியில் நம் கையில் உள்ள சீட்டையும் அவர்கள் நோட்டையும் வைத்துப் பார்த்தால் பத்து கிலோ, இருபது கிலோ உதைக்கும். சீட்டு மழையில் நனைந்து எழுத்தே போயிருந்தால் பேசவும் வழியில்லை.

இதற்காகத்தான் ஒரு செயலி செய்ய ஆரம்பித்தேன். தேதி, கிலோ, கழிவு, இந்த மூன்றை எழுதினால் மாதக் கூட்டல் வரும். அவ்வளவுதான் முதல் யோசனை. இரண்டே வாரத்தில் அது ஓடவும் செய்தது. ஆனால் கொடுக்க மனம் வரவில்லை. மழையளவு சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, சேர்த்தேன். கவாத்து, அதாவது செடியை வெட்டி இறக்குவதற்கான நாட்காட்டி சேர்த்தேன். மாதா மாதம் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடம் சேர்த்தேன். நிறத்தை ஆறு முறை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் "இது முடிந்ததும் கொடுத்துவிடலாம்" என்றே நினைத்தேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன வாரம் அப்பாவின் அறையில் மாதக் காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் தேதிக்குக் கீழே பென்சிலால் 38, 41½, 29 என்று எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வருடக் காலண்டரும் அதே ஆணியில் தொங்குகிறது. நான் யாருக்காகச் செய்கிறேனோ அவருக்கே இன்னும் காட்டவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குறையோடு கொடுத்தால் ஊரில் பெயர் கெட்டுவிடாதா? ஒரு தடவை தப்பான கணக்கைக் காட்டிவிட்டால் அப்புறம் யார் நம்புவார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கட்டபெட்டு விவசாயி | மே 15, காலை 6.05

அம்மா, நான் நாற்பது வருடமாகத் தேயிலையோடு இருக்கிறவன். செயலி பற்றி எனக்குத் தெரியாது, செடியைப் பற்றிச் சொல்கிறேன்.

மழையும் வெயிலும் மாறி மாறி வரும் காலத்தில் எட்டு, பத்து நாளுக்கு ஒரு சுற்றுப் பறிக்கிறோம். பனிக்காலத்தில் இருபது நாள்கூட ஆகும். இரண்டு இலை ஒரு மொட்டு வந்ததும் கை வைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் வளரட்டும், எடை கூடட்டும் என்று ஒரு சுற்றைத் தள்ளிப் பாருங்கள். இலை முற்றிவிடும், தண்டு நாராகிவிடும், பாக்டரியில் கழித்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மேல் கொழுந்தைக் கிள்ளினால்தான் கீழ்க் கண் உடைந்து அடுத்த கொழுந்து வரும். எடுக்காத செடி அடுத்ததையும் தராது.

உங்கள் செயலியில் அந்த முதல் கொழுந்து இரண்டாவது வாரத்திலேயே வந்துவிட்டது. நீங்கள் கிள்ளவில்லை.

கவாத்தும் அப்படித்தான். நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை செடியை வெட்டி இறக்க வேண்டும். வெட்டினால் சுமார் மூன்று மாதம் அந்த இடத்தில் வருமானம் கிடையாது. மொத்தத் தோட்டத்தையும் ஒரே வருடத்தில் வெட்டிப் புதுசாக்கிவிட வேண்டும் என்று நினைத்தால் அந்த மூன்று மாதம் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் வருடத்துக்குக் கால் பங்கு வெட்டுகிறோம். எங்கள் தோட்டத்தை எந்த நாளில் வந்து பார்த்தாலும் ஒரு மூலை மொட்டையாகத்தான் இருக்கும். முழுசாக அழகாக இருந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் இலை நின்றதும் கிடையாது.

அப்பாவிடம் இன்றைக்கே காட்டுங்கள்.

---

கல்சுவர் (கேத்தி) | மே 15, இரவு 8.40

பெரியவர் சொல்வது செடிக்குச் சரி. எல்லாவற்றுக்கும் அதைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் தாங்கு சுவர் கட்டுகிறவன். மலையில் வீடு என்றாலே பின்னால் ஒரு மண்சுவர் நிற்கும். அதற்கு முன்னால் கல் சுவர் எழுப்பும்போது ஐந்தடிக்கு ஒரு துளை விட வேண்டும், துளைக்குப் பின்னால் ஜல்லி போட வேண்டும், மண்ணுக்குள் ஊறும் தண்ணீர் வடிந்து வெளியே வர வேண்டும். அது இல்லையென்றால் மழைக்கு மண் ஊறிக் கனத்துச் சுவரைத் தள்ளிவிடும். "இப்போ கட்டுங்க, துளையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்ன வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். சுவர் எழும்பிய பிறகு அதன் பின்னால் ஜல்லி போட யாராலும் முடியாது.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படி ஒரு நாள் வரும்போது சுவர் நம்மிடம் இரண்டாவது வாய்ப்புக் கேட்காது.

பதறாத காரியம் சிதறாது என்று எங்கள் மேஸ்திரி சொல்லுவார். தங்கச்சி, பணக் கணக்கும் சுவர் மாதிரிதான். அவசரப்படாதீர்கள்.

---

தாண்டிக்குடி காப்பி | மே 15, இரவு 9.15

மேஸ்திரி அண்ணனுக்குப் பழமொழி என்றால் எங்கள் அம்மாவிடமும் ஒன்று உண்டு: ஆறின கஞ்சி பழங்கஞ்சி. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், மூன்று வருடம் ஆறவிட்ட கதை என்னிடம் இருக்கிறது.

---

அருவங்காடு நிரலாளர் | மே 16, காலை 11.30

சுவர்காரரின் பேச்சைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு செயலி முழுக்கச் சுவர் இல்லை. அதில் எது சுவர், எது சுண்ணாம்பு என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சகோதரி, உங்கள் செயலியில் மூன்று விஷயம்தான் சுவர் என்று நினைக்கிறேன். எழுதிய எடை எந்தக் காரணத்துக்கும் தொலையக் கூடாது, அதாவது போன் உடைந்தாலும் வேறொரு இடத்தில் நகல் இருக்க வேண்டும். கூட்டல் தப்பக் கூடாது. பழைய பதிவைச் சத்தமில்லாமல் மாற்ற வழி இருக்கக் கூடாது. மூன்றாவதை நீங்களே எனக்குச் சொல்லித் தருவீர்கள், கணக்கு எழுதுகிறவர் ஆயிற்றே. நோட்டில் தப்பு வந்தால் அழிப்பான் போட மாட்டீர்கள், எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்வீர்கள். செயலியிலும் அப்படியே செய்யுங்கள். பழைய வரி இருக்கட்டும், திருத்தம் புது வரியாக வரட்டும்.

இந்த மூன்றுக்கும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறம், வரைபடம், மழையளவு எல்லாம் சுண்ணாம்பு. அதை அடித்துக்கொண்டிருந்ததில்தான் இரண்டு வருடம் போயிருக்கிறது என்று தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் இது நடந்திருக்கிறது: கடினமான இடத்தில் கை வைக்கத் தயக்கமாக இருக்கும்போது சுலபமான இடத்தையே திரும்பத் திரும்ப மெருகேற்றத் தோன்றும்.

---

தாண்டிக்குடி காப்பி | மே 16, இரவு 10.05

சொன்னபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கீழ்ப்பழனி மலையில் எங்களுக்கு அரபிக்கா காப்பி. மிளகும் ஆரஞ்சும் ஊடே இருக்கிறது. எப்போதும் பழத்தை அப்படியே விற்றுவிடுவோம். ஊர் ஊராக நல்ல காப்பிக்கு நல்ல விலை கிடைப்பதைப் பார்த்து, நாமே தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, பார்ச்மென்ட்டாக (உள்தோலோடு காய்ந்த கொட்டையாக) விற்கலாம் என்று ஆசை வந்தது. அதற்குத் தேவையானதைப் பட்டியல் போட்டேன்: மின் பல்பர் (பழத்தின் தோல் நீக்கும் எந்திரம்), சிமென்ட் தொட்டி மூன்று, இரும்புச் சட்டத்தில் காயவைக்கும் படுக்கை, மேலே கூரை, ஈரப்பதம் பார்க்கும் கருவி. எல்லாம் அமைந்த பிறகுதான் தொடங்குவது என்று பிடிவாதம். ஒரு வருடம் பணம் இல்லை. அடுத்த வருடம் பணம் வந்தது, தண்ணீர் வசதி அமையவில்லை. மூன்றாவது வருடம் தண்டுத் துளைப்பான் பூச்சி வந்து செடிகளைப் பிடுங்கி எரிக்கவே நேரம் சரியாகப் போயிற்று. மூன்று வருடமும் பழத்தைப் பழமாகவே விற்றேன்.

நாலாவது வருடம் என் மனைவி சொன்னாள்: "இருபது கிலோ பழத்தை மட்டும் வைங்க. கெட்டா நாம குடிப்போம்."

கைப்பல்பர் ஒன்றை இரவல் வாங்கினோம். தொட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் டிரம். மூங்கில் சட்டத்தில் நைலான் வலையைக் கட்டிக் காயவைத்தோம். ஊறவைத்த கொட்டையை எப்போது கழுவுவது என்பதுதான் இதில் நுட்பம். கொட்டையின் மேல் இருக்கும் வழுவழுப்புப் போக வேண்டும். கையில் அள்ளிப் பிசைந்தால் கூழாங்கல் மாதிரி கரகரவென்று உரச வேண்டும், அதுதான் பதம். புத்தகத்தில் இத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கும். எங்கள் ஊர்க் குளிருக்கு அந்த நேரம் ஒத்துவரவில்லை. முதல் டிரம்மை விட்டுப் பிடித்ததில் புளித்துவிட்டது, வாசமே சொல்லிவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு இருபது கிலோ. இந்தத் தடவை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய்க் கையை விட்டுப் பார்த்தேன். நன்றாக வந்தது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்வது என்று முடிவு. ஊறும் நேரத்தை மாற்றினால் காயவைக்கும் விதத்தை மாற்ற மாட்டேன். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதனால் கூடியது, எதனால் கெட்டது என்றே தெரியாமல் போகும். ஆறு சீசன் ஆயிற்று. இரும்புச் சட்டம் இன்னும் வரவில்லை, மூங்கில்தான். ஆனால் சட்டம் ஒன்றிலிருந்து பதினான்கு ஆகியிருக்கிறது. பழம் பறிப்பதிலும் சிவந்ததை மட்டும் நாலைந்து சுற்றாக எடுக்கிறோம். இதையெல்லாம் பட்டியல் போட்ட அன்றைக்கு நான் யோசித்ததே இல்லை. என் பட்டியலில் இருந்த மூன்று தொட்டியில் ஒன்றுகூட எனக்குத் தேவைப்படவில்லை என்பதும் செய்த பிறகு தெரிந்ததுதான்.

நான் இன்றைக்கும் வருத்தப்படுவது புளித்துப்போன அந்த டிரம்முக்காக இல்லை. எதுவும் செய்யாமல் போன மூன்று சீசனுக்காக.

---

கூடலூர் டீச்சர் | மே 17, மாலை 4.50

எங்கள் மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். 'ழ' எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள், அழிப்பாள். தாள் மெலிந்து கடைசியில் கிழிந்துவிடும், உடனே அழுவாள். ஒரு நாள் அழிப்பானை வாங்கி வைத்துக்கொண்டேன். தப்பாக வந்தால் அடித்துவிட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று எழுது, எத்தனை வேண்டுமானாலும் எழுது என்றேன். அந்தப் பக்கம் முழுக்க 'ழ'வாக நிறைந்தது. மேலே இருந்தது கோணல், கீழே வர வர வளைவு வந்திருந்தது. அவளே விரலை வைத்துக் காட்டினாள், "டீச்சர், இதுல இருந்து நல்லா வந்துடுச்சு."

உங்கள் பதிவைப் படித்ததும் அவள் ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் எழுதினேன்.

---

குன்னூர் ரயிலடி | மே 18, காலை 7.30

கல்சுவர் அண்ணன் சொன்னதற்கும் பெரியவர் சொன்னதற்கும் நடுவில் நம் மலை ரயிலையே சாட்சிக்குக் கூப்பிடலாம்.

இந்த மலைக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854லேயே வந்துவிட்டது. வேலை தொடங்கியது 1891ல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ல் வண்டி ஓடியது. ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 1908ல். அதாவது மொத்தம் 46 கிலோமீட்டரும் முடியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. குன்னூர் வரை வந்ததை ஓடவிட்டு, மீதிக்கு ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒன்பது வருடமும் ஜனங்கள் குன்னூரில் இறங்கி மேலே வேறு வழியில் போனார்கள்.

ஆனால் கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறுகிற அந்தச் சரிவில், பன்னிரண்டடி போனால் ஓரடி ஏறுகிற இடத்தில், தண்டவாளத்துக்கு நடுவில் பல்சக்கரப் பாதை இருக்கிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார். இதில் எதையும் "அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்" என்று விடவில்லை. முதல் நாளே பல்லும் பிரேக்கும் சரியாக இருந்தன. ஊருக்குப் போய்ச் சேர்வதுதான் தவணையில் நடந்தது.

---

கல்சுவர் | மே 18, இரவு 9.00

ரயிலடி தம்பி சொன்னது எனக்கு ஒத்துப்போகிறது. நானும் யோசித்துப் பார்த்தேன். மொத்தச் சுவரையும் ஒரே மூச்சில் நான் கட்டுவதில்லை. பத்தடி பத்தடியாக மண்ணை எடுத்து, அந்தப் பத்தடியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பேன். நீளமாகத் தோண்டி வைத்தால் மழைக்கு மொத்தமும் சரியும். ஆக நானும் துண்டு துண்டாகத்தான் போகிறேன். ஒவ்வொரு துண்டிலும் துளை இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன்.

---

கொடை வானம் | மே 19, பிற்பகல் 2.10

கொடைக்கானலில் இருக்கிறேன். எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

1899ல் அமைந்த இடம். 1904லிருந்து சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள், வானம் தெளிவாக இருக்கும் ஒவ்வொரு நாளும். கொடைக்கானலில் மேகம் எப்படி என்று தெரியும். மழைக்காலத்தில் பல நாள் தொடர்ந்து சூரியன் முகத்தையே காட்டாது. அந்த நாட்களுக்குப் படம் இல்லை. பழைய கண்ணாடித் தட்டுகளில் கீறல் உண்டு, சிலவற்றில் மேகம் குறுக்கே ஓடியிருக்கும். ஆனாலும் அடுத்த தெளிவான காலையில் மறுபடி எடுத்தார்கள். இப்போது நூறு வருடத்துக்கும் மேலான அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒரு தடவை கூடிக் குறைவதை இவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒரே இடத்திலிருந்து பார்த்த பதிவுகள் உலகத்தில் மிகக் குறைவு.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. பெரிய கண்டுபிடிப்பு, எங்களுக்குப் பெருமை. ஆனால் எனக்கு நெஞ்சைத் தொடுவது பெயர் தெரியாத ஊழியர்கள் விடியற்காலைக் குளிரில் போய் எடுத்து வைத்த அந்தத் தட்டுகள். உங்கள் அப்பாவின் காலண்டரில் இருக்கும் 38, 41½, 29 பற்றிப் படித்ததும் எனக்கு அவைதான் ஞாபகம் வந்தன.

---

கொழுந்துக்கணக்கு | மே 27, இரவு 11.00

எல்லோருக்கும் நன்றி. நான்கு பேருக்குக் கொடுத்துவிட்டேன்.

முதலில் நிரலாளர் அண்ணா சொன்னபடி அந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் ஆயிற்று. போனை அணைத்துப் பார்த்தேன், நடுவில் சிக்னலைத் துண்டித்துப் பார்த்தேன், அப்பாவின் இரண்டு வருடக் காலண்டரை அப்படியே ஏற்றிக் கையால் போட்ட கூட்டலோடு சரிபார்த்தேன். திருத்தத்துக்கு எதிர்ப்பதிவு வைத்தேன். மற்றது எதையும் தொடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பா முதல் நாளே திணறினார். 41½ என்று எழுத வழியில்லை. புள்ளி வைத்து ஐந்து போட வேண்டும் என்றால் அது அவர் பழக்கத்தில் இல்லை. "அரை" என்று ஒரு பொத்தான் வைத்தேன், அத்தோடு தீர்ந்தது. பக்கத்து வீட்டு அத்தை இரண்டு ஏஜென்ட்டுக்கு இலை போடுகிறார். என் செயலியில் ஒருவருக்குத்தான் இடம். இரண்டு வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. கீழ்வீட்டுத் தம்பியின் போன் பழசு, வரைபடம் திறந்தால் நின்றுவிடுகிறது, அதனால் வரைபடத்தையே எடுத்துவிட்டேன். அந்த வரைபடத்தைச் செய்ய எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. எடுத்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

நான்காவது, எங்கள் பெரியம்மா. அவருக்கு எழுதப் படிக்க வராது. "சீட்டைப் போட்டோ புடிச்சு வெச்சா பத்தாதா?" என்று கேட்டார். அன்று இரவே அதைச் சேர்த்தேன். இப்போது நான்கு பேருமே அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். சீட்டு நனைந்தாலும் படம் இருக்கிறது.

நான் பயந்ததும் நடந்தது. அத்தைக்கு இரண்டாவது ஏஜென்ட்டைச் சேர்த்த இடத்தில் கழிவை இரண்டு தடவை கழித்துவிட்டது. ஐந்து கிலோ குறைவாகக் காட்டியது. நான்தான் கண்டுபிடித்தேன், காலையில் வேலைக்குப் போகும் முன்பே போய்ச் சொல்லிவிட்டேன். தலை நிமிர முடியவில்லை. அத்தை அடுப்படியில் இருந்தபடியே, "நீயா வந்து சொன்னியே, அது போதும் கண்ணு. இத்தனை வருஷத்துல கணக்கு தப்புன்னு யாரு என் வாசலுக்கு வந்து சொல்லியிருக்கா?" என்றார். காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார்.

---

கட்டபெட்டு விவசாயி | மே 28, காலை 5.50

ரொம்ப சந்தோஷம் அம்மா. ஒரு கேள்வி. முன்பணம் வாங்குவதை எழுத இடம் இருக்கிறதா? இருந்தால் எனக்கும் ஒன்று கொடுங்கள்.

---

கொழுந்துக்கணக்கு | மே 28, இரவு 9.30

இப்போதைக்கு இல்லை ஐயா. அடுத்த பறிப்புச் சுற்றுக்குள் சேர்த்துத் தருகிறேன். அதுவரை இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் சுற்றுக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்கிறேன், தாண்டிக்குடி அண்ணனின் நோட்டு மாதிரி.

---

அருவங்காடு நிரலாளர் | மே 29, காலை 10.15

நல்ல முடிவு. மாற்றும் ஒவ்வொரு தடவையும் அப்பாவின் காலண்டரை மறுபடி ஏற்றிக் கூட்டல் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். அத்தையின் ஐந்து கிலோவும் அந்தச் சோதனையில் இனி ஒரு வரியாக இருக்கட்டும். ஒரு தடவை வந்த தப்பு மறுபடி வராமல் காக்க இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது.

---

கல்சுவர் | ஆகஸ்ட் 9, இரவு 8.20

தங்கச்சி, இழை பழசாகிவிட்டது, பார்ப்பீர்களா தெரியவில்லை. என்னிடம் எட்டு பேர் வேலை செய்கிறார்கள். யார் எத்தனை நாள் வந்தார்கள், அரை நாளா முழு நாளா, முன்பணம் எவ்வளவு என்று சிகரெட் அட்டையில் எழுதுகிறேன். போன வாரம் மழையில் ஒரு அட்டை கரைந்துவிட்டது. ஒரு பையனுக்கு இரண்டு நாள் கூலி குறைந்துபோய், அவனும் வாயைத் திறந்து கேட்காமல் இருந்திருக்கிறான். உங்கள் செயலி இதற்கு ஒத்துவருமா?

---

கொழுந்துக்கணக்கு | ஆகஸ்ட் 9, இரவு 10.45

பார்த்துவிட்டேன் அண்ணா. இப்போது இருபத்திரண்டு வீட்டில் ஓடுகிறது, முன்பணமும் சேர்த்தாயிற்று. கிலோ இருக்கும் இடத்தில் நாள் என்று மாற்றினால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அரைக்குத்தான் ஏற்கெனவே பொத்தான் இருக்கிறதே. ஆளுக்கு ஒரு பக்கம் வேண்டும், அது இன்னும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். முதலில் இரண்டு பேர் கணக்கை மட்டும் அதில் எழுதிப் பாருங்கள், அட்டையையும் ஒரு மாதம் விடாதீர்கள். எங்கே உதைக்கிறது என்று அன்றன்றைக்கே சொல்லுங்கள்.